குவாகுவா என்றால் பேருந்தா, குழந்தையா? லத்தீனோ ஒலிக்கதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக அமெரிக்க லத்தீனோக்களின் பாட்காஸ்டுகளைக் கேட்டுவருகிறேன். பெரும்பாலும் பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது. யாரிடமாவது இதைப் பற்றிப் பேச்செடுத்தால் ஏறக்குறைய அதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவைத்துவிடுகிறேன்.

லத்தீனோ என்றால் யார்?

லத்தீன் அமெரிக்க நாடுகளில் வேர் உள்ள, அமெரிக்காவில் வாழும் மக்கள். மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா, டொமினிகன் குடியரசு, எல் சால்வடோர், குவாத்தமாலா, கொலம்பியா என்று ஊர்கள் நீளும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 6 கோடியே 21 லட்சம் பேர். அமெரிக்கர்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 19 பேர். அதில் பாதிக்கும் மேல் மெக்சிகோ வழியினர்.

எல்லோரும் குடியேறி வந்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கலிஃபோர்னியா உட்பட அமெரிக்கத் தென்மேற்கின் பெரும்பகுதி 1848 ஒப்பந்தம் வரை மெக்சிகோவுக்குச் சொந்தம். "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது" என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அதே மாதிரி, மெக்சிகோ நகரத்தில் இருக்கும்வரை ஒருவர் வெறும் மெக்சிகோக்காரர். அமெரிக்காவுக்கு வந்து ஏதோ ஒரு படிவத்தை நிரப்பும்போதுதான் அவர் லத்தீனோ ஆகிறார். பொலிவியாக்காரரும் கியூபாக்காரரும் ஒரே கட்டத்தில் டிக் அடிக்கிறார்கள். அந்தக் கட்டம் சிறியது என்பதுதான் இந்த ஒலிக்கதைகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் மனக்குறை.

ஹிஸ்பானிக், லத்தீனோ, லத்தீனெக்ஸ். எதைச் சொல்ல வேண்டும்?

ஹிஸ்பானிக் என்பது மொழியை வைத்து வந்த சொல். ஸ்பானிஷ் பேசும் உலகம். அமெரிக்க அரசு 1970களில் அதைப் பிடித்துக்கொண்டது, 1980 கணக்கெடுப்பில் எல்லோரிடமும் கேட்டது. லத்தீனோ என்பது நிலத்தை வைத்து வந்த சொல். 2000 கணக்கெடுப்பில் அதுவும் சேர்ந்தது. ஸ்பெயின்காரர் ஹிஸ்பானிக், ஆனால் லத்தீனோ இல்லை. பிரேசில்காரர் நிலத்தின்படி லத்தீனோ, ஆனால் பேசுவது போர்த்துகீசியம் என்பதால் அரசு கணக்கில் வரமாட்டார்.

லத்தீனெக்ஸ் ஆண்பால், பெண்பால் பிரச்சினையைத் தவிர்க்க வந்தது. ஸ்பானிஷில் 'லத்தீனோ' ஆண், 'லத்தீனா' பெண். பல்கலைக்கழகங்களில் அந்தப் புதுச்சொல் செல்லும், சாப்பாட்டு மேசையில் செல்லாது. பியூ ஆய்வு மையம் 2020இல் வெளியிட்ட கணக்கில் தம்மை அப்படி அழைத்துக்கொண்டவர்கள் நூற்றுக்கு 3 பேர்தான். ஸ்பானிஷ் வாயில் அது நுழையவில்லை என்று பலர் சொல்வது உண்மையென்றே எனக்கும் படுகிறது. அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் 'லத்தீனே' என்பது கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போகிறது.

நீங்கள் லத்தீனோ என்றே சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் "நான் டொமினிகன்" என்றால் டொமினிகன் என்று சொல்லுங்கள்.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்தால் போதாதா? ஏன் காதால் கேட்க வேண்டும்?

எழுத்தில் உச்சரிப்பு தொலைந்துபோகிறது என்பதால். ஸ்பானிஷ் எழுத்தில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுதான். வாயைத் திறந்தால் இருபது ஊர்.

புவேர்ட்டோ ரிக்கோக்காரர் சொல்லின் கடைசி 'ஸ்' ஒலியை விழுங்குவார், இடையில் வரும் 'ர்'ஐ 'ல்' ஆக்குவார். ஊரின் பெயரே 'புவேல்ட்டோ' ஆகிவிடும். புவேனோஸ் ஐரிஸ்காரர் மற்றவர்கள் 'ய' என்று சொல்லும் இடத்தில் 'ஷ' என்பார்: 'யோ' (நான்) அவருக்கு 'ஷோ'. மெக்சிகோக்காரர் 'ஸ்' ஒலியை ஒன்று விடாமல் எண்ணி வைத்துப் பேசுவார்.

சொற்களும் அப்படியே. கியூபாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் 'குவாகுவா' என்றால் பேருந்து. சிலியில் குவாகுவா என்றால் கைக்குழந்தை. "குவாகுவாவைத் தவறவிட்டுவிட்டேன்" என்று ஒரு கியூபாக்காரர் சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பேருந்து மெக்சிகோவில் 'கமியோன்', அர்ஜென்டினாவில் 'கொலெக்திவோ'. சமையலறைக்குள் போனால் பீன்ஸ் விதைக்கு மெக்சிகோவில் ஃப்ரிஹோலெஸ், புவேர்ட்டோ ரிக்கோவில் ஹபிச்சுவேலாஸ், வெனிசுவேலாவில் கராவோத்தாஸ், சிலியில் பொரோத்தோஸ்.

கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரே கட்டத்தில் போடப்பட்டவர்கள், வாயைத் திறந்த மூன்றாவது நொடியில் தனித்தனி ஆளாகிவிடுகிறார்கள். வேறு எந்த ஊடகமும் இதை இவ்வளவு சுலபமாகச் செய்வதில்லை.

இதெல்லாம் பாட்காஸ்ட் வந்த பிறகு வந்ததுதானே?

இல்லை. இதற்கு வயது நூற்றைம்பதுக்கும் மேல். இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

1865இல் ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம் தொடங்கியது. நூற்றுக்கணக்கான பேர் வரிசையாக உட்கார்ந்து புகையிலை சுருட்டுவார்கள். கைக்கு வேலை, காதுக்கு வேலையில்லை. அதனால் நடுவில் ஒரு மேடை போட்டு ஒருவரை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள். அவர் பெயர் 'லெக்தோர்', வாசிப்பவர். காலையில் செய்தித்தாள், பிற்பகலில் நாவல். எந்த நாவல் என்பதைத் தொழிலாளர்களே வாக்களித்து முடிவு செய்வார்கள். சம்பளமும் முதலாளி தருவதில்லை. அவர்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தருவார்கள். மொந்தேகிறிஸ்தோ என்ற சுருட்டுக்கு அந்தப் பெயர், சுருட்டியவர்கள் அப்படிக் கேட்ட நாவலின் நினைவாக வந்தது என்று சொல்வதுண்டு.

கியூபாக்காரர்கள் ஃபுளோரிடாவுக்குப் பெயர்ந்தபோது லெக்தோரும் கூடவே போனார். தாம்பா நகரின் ஈபோர் சிட்டி முழுக்கச் சுருட்டு ஆலைகள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட ஸ்பானிஷ் நாவல்களையும் தொழிற்சங்க அரசியலையும் விரல்நுனியில் வைத்திருந்தார். முதலாளிகளுக்கு அது பிடிக்குமா? 1931இல் வாசிப்பவர்களை நிறுத்தினார்கள், தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், தோற்றார்கள். மேடை இருந்த இடத்துக்கு வந்தது எது தெரியுமா? வானொலிப் பெட்டி. கியூபாவில் லெக்தோர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் இன்னொரு கதை. பெத்ரோ கொன்சாலஸ், மெக்சிகோ புரட்சியில் பாஞ்சோ விய்யாவின் தந்தி ஆள். லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1920களின் கடைசியில் ஒரு வானொலி நிலையத்தில் அதிகாலை நாலு மணிக்குத் தொடங்கும் நேரம் அவர் கைக்கு வந்தது. அந்த நேரம் வேறு யாருக்கும் வேண்டாத நேரம், ஆனால் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் கிளம்பும் மெக்சிகோக்காரர்கள் விழித்திருப்பதும் அப்போதுதான். 'லோஸ் மத்ருகதோரெஸ்', அதாவது விடியலுக்கு முன் எழுபவர்கள், என்று தன் குழுவுக்குப் பெயர் வைத்தார். பாட்டு, வேலை அறிவிப்பு, ஊர்ச்செய்தி எல்லாம் உண்டு. பொருளாதார மந்தநிலைக் காலத்தில் மெக்சிகோக்காரர்களை ரயிலேற்றி நாட்டைவிட்டு அனுப்பியதை ஒலிவாங்கியில் கண்டித்தார். 1934இல் ஒரு பாலியல் வன்முறை வழக்கில் சிறைக்குப் போனார். குற்றம் சாட்டிய பெண்ணே பிறகு தன் சாட்சியத்தைத் திரும்பப் பெற்றும் விடவில்லை. 1940இல் விடுவித்து நாடு கடத்தினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் திஹுவானாவில் உட்கார்ந்து மறுபடி ஒலிபரப்பத் தொடங்கினார். 99 வயது வரை வாழ்ந்தார்.

பிறகு 1946இல் டெக்சஸின் சான் அன்டோனியோவில் ராவுல் கோர்தேஸ் கே.சி.ஓ.ஆர். நிலையத்தைத் தொடங்கினார், மெக்சிகோ வழி அமெரிக்கர் ஒருவருக்குச் சொந்தமான முதல் முழுநேர ஸ்பானிஷ் நிலையம் அதுதான். 1948இல் ஹவானாவில் ஒரு வானொலி நாடகம் 314 பகுதிகள் ஓடியது. கண்டம் முழுக்க அதன் நகல்கள். 1979இல் வாஷிங்டன் மாநிலத்தின் யாகிமா பள்ளத்தாக்கில் விவசாயத் தொழிலாளர்களுக்காக கே.டி.என்.ஏ. வந்தது, நிலைய மேலாளர் ரோசா ரமோன் என்ற பெண். 1980 ஜூலை 4 அன்று கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் ரேடியோ பிலிங்குவே என்ற நிலையம் வந்தது.

வானொலியின் பலம் கடைசியாகப் பளிச்சென்று தெரிந்தது 2006இல். ஆவணமில்லாமல் வசிப்பதையே கடுங்குற்றமாக்கும் மசோதா ஒன்று வந்தது. லாஸ் ஏஞ்சலஸின் ஸ்பானிஷ் காலை நிகழ்ச்சிகளில் ஒன்றுக்கொன்று போட்டியாளர்களான 'எல் பியோலின்', 'எல் குகூய்' என்ற இருவரும் கைகோத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஊர்வலத்துக்கு வாருங்கள் என்றார்கள். மார்ச் 25 அன்று 5 லட்சம் பேர் வந்ததாகக் கணக்கு. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு இது எங்கிருந்து முளைத்தது என்றே புரியவில்லை. காலையில் சமையல்காரர்களும் கட்டட மேஸ்திரிகளும் எந்த அலைவரிசையைத் திருப்புகிறார்கள் என்று அவர்கள் கேட்டதே இல்லை.

லத்தீனோ யூ.எஸ்.ஏ. என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

1993 முதல் ஓடும் ஆங்கில வானொலி நிகழ்ச்சி. இதை உருவாக்கியவர் மரியா எமிலியா மார்த்தின். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அன்றிலிருந்து தொகுப்பாளர் மரியா இனோஹோசா, மெக்சிகோ நகரத்தில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். 2010இல் அவர் நியூயார்க்கில் ஃபியூச்சுரோ மீடியா என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கினார்.

நிகழ்ச்சி முழுக்க ஆங்கிலம். ஆனால் தன் பெயர் வரும் இடத்தில் மட்டும் முழு ஸ்பானிஷ் உச்சரிப்பில் சொல்வார்: மரீஈயா இனொஹோசா. ஆங்கில வாக்கியம் ஒரு கணம் நின்று வழிவிட்டுவிட்டு மறுபடி நடப்பதுபோல இருக்கும். பெயரை அமெரிக்க வாய்க்கு ஏற்ப மழுக்கிச் சொல்லத்தானே பள்ளிக்கூடம் பழக்கும்? முப்பது வருடமாக இவர் வாரா வாரம் அதை மறுத்துக்கொண்டிருக்கிறார். அந்த இரண்டு நொடிக்காகவே ஒரு தடவை கேட்கலாம்.

ரேடியோ அம்புலாந்தேயும் அதே மாதிரிதானா?

கொஞ்சமும் இல்லை. இது முழுக்க ஸ்பானிஷ், லத்தீன் அமெரிக்கா முழுவதையும் அமெரிக்காவில் உள்ள லத்தீனோக்களையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது. பெயர் தெருத்தெருவாகச் சுற்றுவதைக் குறிக்கும்; தள்ளுவண்டி வியாபாரிகளை அங்கே 'அம்புலாந்தே' என்பார்கள்.

தொடங்கியவர்களில் முக்கியமானவர் தானியல் அலார்கோன், லிமாவில் பிறந்து அமெரிக்காவின் அலபாமாவில் வளர்ந்த நாவலாசிரியர். 2007இல் பெருவின் மலைப்பகுதிகளிலிருந்து தலைநகருக்கு இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி பி.பி.சி.க்கு ஒரு வானொலி ஆவணம் செய்தார். ஊர் ஊராகப் போய் ஸ்பானிஷில் பேட்டி எடுத்துவந்தால், இறுதி வடிவத்தில் மேலே நின்றது ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்களின் குரல்தான். நன்றாகக் கதை சொன்னவர் ஸ்பானிஷில் சொன்னதாலேயே பின்னால் தள்ளப்பட்டார். அந்த எரிச்சலிலிருந்துதான் ரேடியோ அம்புலாந்தே வந்தது. மனைவி கரோலினா கெரேரோ (கொலம்பியாக்காரர்) உள்ளிட்ட சிலரோடு 2012இல், பொதுமக்களிடம் இணையத்தில் பணம் திரட்டித் தொடங்கினார்கள். 2016இல் அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர்., தன் முதல் ஸ்பானிஷ் பாட்காஸ்டாக இதைச் சேர்த்துக்கொண்டது.

மொழிபெயர்ப்புக் குரலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஆங்கில வானொலியில் பழைய வழக்கம் இப்படி: ஸ்பானிஷ்காரர் பேசத் தொடங்குவார், மூன்று நொடியில் அவர் குரலைக் குறைத்துவிட்டு மேலே ஒரு ஆங்கிலக் குரலை ஏற்றுவார்கள். அடியில் ஏதோ முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த முணுமுணுப்புதான் கதைக்குச் சொந்தக்காரர். இதை ஒரு தடவை கவனித்துவிட்டால் அப்புறம் எந்தச் செய்தி நிகழ்ச்சியையும் பழைய காதோடு கேட்க முடியாது.

இவர்கள் சொன்ன கதைகளில் என்னை விடாமல் துரத்துவது கொலம்பியாவின் புவேர்ட்டோ பெரியோ. மக்தலேனா ஆற்றங்கரை ஊர். உள்நாட்டுச் சண்டையில் கொல்லப்பட்டவர்களின் உடல்கள் ஆற்றில் மிதந்துவரும். பெயர் தெரியாது என்பதால் கல்லறையில் 'என்.என்.' என்று மட்டும் எழுதுவார்கள். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு கல்லறையைத் தத்தெடுப்பார்கள். 'எஸ்கொஹீதோ', தேர்ந்தெடுக்கப்பட்டது, என்று அதன் மேல் எழுதுவார்கள், பெயர் வைப்பார்கள், பூ வைப்பார்கள், பதிலுக்கு வேண்டுதல் வைப்பார்கள். யாரென்றே தெரியாத ஒரு பிணத்துக்கு ஒரு பெண் தன் குடும்பப் பெயரையே கொடுத்துவிடுகிறாள். இதை அவரவர் வாயால் கேட்கும்போது சோகமா பக்தியா வியாபாரமா என்று பிரிக்க முடியவில்லை.

எனக்கு ஸ்பானிஷ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. பிரயோசனம் உண்டா?

உண்டு. ஆங்கிலம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. லத்தீனோ நிகழ்ச்சிகளில் பாதி ஆங்கிலம்தான். ரேடியோ அம்புலாந்தேயின் தளத்தில் முழு உரையும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கும், ஒரு கண்ணை அதில் வைத்துக் கேட்கலாம். மொழி கற்றுத்தரும் செயலியான டுவோலிங்கோவின் ஸ்பானிஷ் பாட்காஸ்ட் 2017இல் வந்தது, ரேடியோ அம்புலாந்தேயைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்த்தினா காஸ்த்ரோ நடத்தியது. கதைக்குரியவர் மெதுவான ஸ்பானிஷில் பேசுவார், இடையிடையே தொகுப்பாளர் ஆங்கிலத்தில் கைபிடித்துக் கூட்டிப்போவார். நான் அதில்தான் தொடங்கினேன். இப்போதும் புவேர்ட்டோ ரிக்கோ ஸ்பானிஷ் எனக்குப் பாதிதான் பிடிபடுகிறது.

ஸ்பானிஷ் பேசத் தெரியாதவர் லத்தீனோ ஆவாரா?

அங்கே குடும்பச் சண்டை வரவைக்கும் கேள்வி இது. தெரியாத பிள்ளைகளுக்கு 'நோ சாபோ' என்று ஒரு கேலிப்பெயரே உண்டு. "எனக்குத் தெரியாது" என்பதற்கு ஸ்பானிஷில் 'நோ சே' என்று சொல்ல வேண்டும். விதிப்படி யோசித்து 'நோ சாபோ' என்று தப்பாகச் சொல்லும் குழந்தையிடமிருந்து வந்தது அந்தப் பெயர்.

பாட்டி தாத்தாக்களில் பலர் பள்ளியில் ஸ்பானிஷ் பேசியதற்காக அடி வாங்கியவர்கள். அதனால் தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மட்டும் கொடுத்தார்கள். பேரப்பிள்ளைகள் இப்போது செயலி வைத்து ஸ்பானிஷ் கற்கிறார்கள், கேலியும் வாங்குகிறார்கள்.

இதற்குப் பெரிய உதாரணம் பாடகி செலினா. டெக்சஸில் 1971இல் பிறந்தவர், ஆங்கிலத்தில் வளர்ந்தவர். ஸ்பானிஷ் பாட்டுகளை முதலில் ஒலியை மட்டும் மனப்பாடம் செய்து பாடினார், மொழியைப் பிறகுதான் கற்றார். ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் பதினாலு என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'கதோர்சே' என்பதற்குப் பதில் 'தியேசிகுவாத்ரோ' என்றுவிட்டார். நம் வீட்டுக் குழந்தை 'பத்துநாலு' என்று சொல்வதுபோல. வேறொருவராக இருந்தால் மானம் போயிருக்கும். இவர் சிரித்தார், ஊரும் சேர்ந்து சிரித்தது. 1995 மார்ச் 31 அன்று, 23 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்றுவரை அந்த 'தியேசிகுவாத்ரோ' சட்டையில் அச்சாகி விற்கிறது.

மரியா கார்சியா 2021இல் செய்த 'எனிதிங் ஃபார் செலினா' தொடர் இந்த இடத்தைத்தான் தொடுகிறது. எல்லையோர ஊர்களில் வளர்ந்த கார்சியா, தனக்கு, இரண்டு மொழியிலும் முழுசாக இல்லாத ஒருவர் மேடையில் இவ்வளவு நிம்மதியாக நிற்கிறாரே என்பது எப்படிப்பட்ட விடுதலை என்று சொல்கிறார். தொடரே ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் வந்தது.

'லா பிரேகா' என்றால் என்ன அர்த்தம்?

நேர்ச்சொல் கிடைக்காது. மல்லுக்கட்டுவது, சமாளிப்பது, ஒப்பேற்றுவது மூன்றையும் பிசைந்த மாதிரி. புவேர்ட்டோ ரிக்கோவில் ஒருவரைப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "என் லா பிரேகா" என்பார். நம்மூரில் "ஏதோ ஓடுதுங்க" என்று சொல்லும் அதே குரலில். பாட்காஸ்டின் பெயரும் அதுதான்: 2021இல் ஏழு பகுதிகள், தொகுப்பாளர் அலானா கசனோவா பர்ஜெஸ். ஒவ்வொரு பகுதியும் ஆங்கிலத்தில் ஒன்று, ஸ்பானிஷில் ஒன்று.

ஏன் இந்தச் சொல் என்பதற்கு அந்தத் தீவின் நிலைமையைப் பார்க்க வேண்டும். 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவிடம் போனது. 1917இல் குடியுரிமை கொடுத்தார்கள். ஆனால் தீவில் வசிக்கும்வரை அதிபர் தேர்தலில் வாக்கு கிடையாது. 2017இல் மரியா புயல் அடித்தபோது இறந்தவர்கள் 64 பேர் என்று அரசு சொன்னது; மறு வருடம் ஆய்வுக்குப் பிறகு எண்ணிக்கையை 2,975 என்று மாற்றியது.

ஒரு பகுதி 'கார்பேத்தா'க்களைப் பற்றியது. தீவின் விடுதலை கேட்டவர்கள், கேட்டதாகச் சந்தேகப்பட்டவர்கள் ஒவ்வொருவர் மீதும் போலீஸ் பல ஆண்டுகள் ரகசியக் கோப்பு வைத்திருந்தது. 1987இல் அது அம்பலமானது, பிறகு கோப்புகளை உரியவர்களிடமே கொடுத்தார்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்தால், தகவல் கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரராக, நண்பராக, சில சமயம் உறவாக இருப்பார்.

எப்போதும் துயரம்தானா? சிரிக்க ஒன்றுமில்லையா?

அதே லா பிரேகாவில் கூடைப்பந்துப் பகுதியைக் கேளுங்கள். புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள் அமெரிக்கக் குடிமக்கள், ஆனால் ஒலிம்பிக்கில் தனிக் கொடி. 2004 ஆகஸ்ட் 15, ஏதென்ஸ். என்.பி.ஏ. நட்சத்திரங்கள் நிறைந்த அமெரிக்க அணியை 92–73 என்று சாய்த்தார்கள். கார்லோஸ் அரோயோ மைதானத்தை விட்டு வெளியே வரும்போது தன் சட்டையைப் பிடித்து இழுத்து, மார்பில் இருந்த ஊர்ப் பெயரைக் கூட்டத்துக்குக் காட்டினார். தீவில் அன்று தூங்கியவர் யாராவது இருப்பார்களா?

புலிட்சர் பரிசு வாங்கிய தொடர் எது?

'சுவாவே', 2022இல், ஒலிச் செய்திப் பிரிவில். ஃபியூச்சுரோ மீடியாவும் பி.ஆர்.எக்ஸ். நிறுவனமும் சேர்ந்து செய்தது.

டேவிட் லூயிஸ் கொன்சாலஸ், எல்லோருக்கும் சுவாவே. பதின்வயதில் செய்த கொலைக் குற்றத்துக்காகப் பென்சில்வேனியாவில் ஆயுள் தண்டனை, வெளியே வர வழியே இல்லாத வகை. 1993இல் மரியா இனோஹோசா அந்தச் சிறையில் பேசப் போனபோது அறிமுகம். அதன் பிறகு கடிதம், தொலைபேசி, நேரில் சந்திப்பு என்று கால் நூற்றாண்டு. சிறார்களுக்கு அப்படிப்பட்ட கட்டாய ஆயுள் தண்டனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொன்னது. பழைய வழக்குகளுக்கும் அது பொருந்தும் என்று 2016இல் சொன்னது. 2017இல் சுவாவே வெளியே வந்தார், முப்பது வருடத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு.

சிறையிலிருந்து வந்தவரின் கதை நிறைய உண்டு. இதில் வேறு ஒன்று நடக்கிறது. நான் இவருக்கு யார், செய்தியாளரா, தோழியா, அம்மா மாதிரியா என்று இனோஹோசா தன்னையே ஒலிவாங்கியின் முன் நிறுத்திக் கேட்கிறார். பத்திரிகைப் பள்ளியில் இப்படிக் கேட்காதே என்றுதான் சொல்லித்தருவார்கள். எனக்கு இந்த இடம் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. சில இடங்களில் கதை அவரைப் பற்றியதாகிவிடுகிறதோ என்று பட்டது. ஆனால் அந்தக் கேள்வியை மறைத்துவைத்து எடுத்திருந்தால் இன்னும் சங்கடமாக இருந்திருக்கும்.

கறுப்பர்களும் பழங்குடியினரும் இந்தக் கதைகளில் இருக்கிறார்களா?

நெடுநாள் இல்லை. ஸ்பானிஷ் தொலைக்காட்சியில் வெளுத்த முகங்களே அதிகம் என்பது பழைய புகார், ஒலியிலும் அந்தச் சாயல் இருந்தது.

இசையில் இது உடைந்தது. 2021இல் வந்த 'லவுட்' தொடர் ரெகேடோனின் வரலாறு, சொல்பவர் அந்த ஆண்கள் உலகத்தில் முதலில் இடம் பிடித்த பெண்களில் ஒருவரான ஐவி குவீன். பனாமா கால்வாய் வெட்ட வந்த ஜமைக்கா முதலிய தீவுகளின் கறுப்புத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் ரெகேயை ஸ்பானிஷில் பாடத் தொடங்கியதில் ஆரம்பித்து, நியூயார்க் வழியாகப் புவேர்ட்டோ ரிக்கோவின் அரசுக் குடியிருப்புகளுக்கு வருகிறது. 1995இல் அங்கே போலீஸ் கடை கடையாகப் புகுந்து கேசட்டுகளைப் பறிமுதல் செய்தது. இன்று அந்த இசைக்கு உலகமே ஆடுகிறது.

பழங்குடியினருக்கு ஸ்பானிஷே அந்நிய மொழி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரேடியோ பிலிங்குவேயைத் தொடங்கிய ஹூகோ மொராலெஸ் மெக்சிகோவின் வஹாக்காவைச் சேர்ந்த மிஸ்தெக் இனத்தவர். சிறுவயதில் கலிஃபோர்னியாவில் பழம் பறித்து, பிறகு ஹார்வர்டில் சட்டம் படித்தவர். அவர் நிலையத்தில் 'லா ஓரா மிஸ்தெக்கா' என்று மிஸ்தெக் மொழி நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஃபிரெஸ்னோ வயலில் நிற்கும் ஒருவரின் காதுக்கு அவருடைய மலைக்கிராமத்துப் பேச்சு வந்துசேர்கிறது. 'லத்தீனோ' என்ற கட்டத்துக்குள் அவரை எப்படி அடைப்பது? அவர் மொழிக்கும் லத்தீனுக்கும் ஒரு ஒட்டும் இல்லை.

இதற்கெல்லாம் பணம் யார் தருகிறார்கள்?

அறக்கட்டளைகள், கேட்பவர்களின் நன்கொடை, விளம்பரம், பொது வானொலி நிதி. கடைசியாகச் சொன்னது இப்போது ஆட்டம் கண்டுவிட்டது. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. பெரிய நகரத்து நிலையங்கள் எப்படியோ தாக்குப்பிடிக்கும். விவசாயத் தொழிலாளர்களை நம்பி நடக்கும் சிறு நிலையங்களுக்குத்தான் அடி.

சாதாரண குடும்பங்கள் தம் கதையைப் பதிவு செய்துவைக்க வழி உண்டா?

உண்டு. ஸ்டோரிகார்ப்ஸ் 2003இல் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சின்னக் கூண்டாகத் தொடங்கியது. இருவர் உள்ளே போவார்கள், 40 நிமிடம் பேசுவார்கள், பதிவு அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்குப் போகும். 2009இல் லத்தீனோக்களுக்கென்றே 'ஹிஸ்டோரியாஸ்' என்ற திட்டம் சேர்ந்தது. செய்தியாளர் இல்லை, மகள் கேட்பாள், அப்பா பதில் சொல்வார். ஸ்பானிஷில் தொடங்கி, கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குத் தாவி, அழுகை வந்தால் மறுபடி ஸ்பானிஷுக்கு வருவார்கள். எந்த உணர்ச்சிக்கு எந்த மொழி என்பதை ஒலிப்பதிவில் கோடு போட்டுக் காட்டிவிடலாம்.

எதிலிருந்து தொடங்கலாம்?

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் லா பிரேகாவின் கூடைப்பந்துப் பகுதி, பிறகு எனிதிங் ஃபார் செலினா. கொஞ்சம் கனமாக வேண்டுமென்றால் சுவாவே, ஆனால் இரவில் வேண்டாம். ஸ்பானிஷ் கற்பவர்கள் டுவோலிங்கோவில் தொடங்கி ஆறு மாதத்தில் ரேடியோ அம்புலாந்தேக்கு வரலாம். சமையல் செய்துகொண்டே கேட்க லவுட்.

ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்கலாமா?

கேளுங்கள், யார் தடுக்கப் போகிறார்கள். புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள் வரும்போது மட்டும் சாதாரண வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். அவர்கள் ஏற்கெனவே ஒன்றரையில்தான் பேசுகிறார்கள்.